மீதி மருந்தை என்ன செய்வீங்க?

விருதுநகர் மாவட்டத்தில் வழுக்கையை யாரும் குறையாக நினைப்பதில்லை. இந்த மண்ணில் பிறந்த ஒருவர் 1954 முதல் 1963 வரை கோட்டையில் உட்கார்ந்து ஆட்சி செய்தார். பள்ளிக்கூடம் திறந்தார், அணை கட்டினார், பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். அவர் தலையில் முடி எவ்வளவு என்று எந்த உறுப்பினரும் சட்டசபையில் கேள்வி எழுப்பவில்லை. காமராஜர் சிலை இல்லாத முக்கு எங்கள் பக்கம் அபூர்வம். அந்தச் சிலைகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். நாற்பதைத் தாண்டியதும் என் நெற்றி உச்சியை நோக்கிக் குடிபெயரத் தொடங்கியபோது, மண்ணின் மரபு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கெடுத்தது ட்ரோன். முன்பெல்லாம் கல்யாண வீட்டில் போட்டோகிராபர் எதிரே நின்று எடுப்பார். உச்சந்தலையைப் பார்க்கும் உரிமை முடிவெட்டுகிறவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான். இப்போது பந்தலுக்கு மேலே கேமரா பறக்கிறது; எடுத்த கையோடு மண்டபத்துத் திரையில் போட்டும் காட்டிவிடுகிறார்கள். கொழுந்தியாள் மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் திரையில் ஓடியது. கூட்டத்துக்கு நடுவே பளபளவென்று ஒரு வட்டம் நகர்ந்து வந்தது.

"ஏங்க, யாருங்க அது, வெள்ளிக் குடத்தைத் தூக்கிட்டு வர்றது?" என்றாள் என் மனைவி.

சீர்வரிசையில் வெள்ளிக் குடம் கிடையாது.

அன்று பந்தியிலேயே வைத்தியம் தொடங்கிவிட்டது. சாம்பார் ஊற்றுவதற்குள் சின்ன வெங்காயச் சாறு, ரசத்துக்குக் கரிசலாங்கண்ணி, மோருக்கு வரும்போது செம்பருத்தி. கடைசியாக, பீடா மென்றுகொண்டே பெங்களூர் மருமகன் சொன்னான்: "மாமா, அதெல்லாம் விடுங்க. பி.ஆர்.பி. போடுங்க."

பி.ஆர்.பி. என்றால் பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா. தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. நம் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க மருந்து சேர்த்த குழாயில் விட்டு, சென்ட்ரிஃப்யூஜ் என்ற இயந்திரத்தில் வைத்துச் சுற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே மஞ்சளாக நிற்கிற பிளாஸ்மாவில் தட்டணு மிகுந்த பகுதியை உறிஞ்சி, தலையில் ஊசி ஊசியாக இறக்குவார்கள். சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். டெங்கு வந்துபோன வீடுகளில் பாட்டிமாருக்கும் மனப்பாடமான கணக்கு இது. அதைப் பத்து லட்சம் அளவுக்கு ஏற்றினால் நல்லது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். தட்டணுக்களில் இருக்கிற வளர்ச்சிக் காரணிகள் முடிவேரைத் தட்டி எழுப்பும் என்பது நம்பிக்கை. மொத்தத்தில் சரக்கு நம்முடையது, கூலி அவர்களுடையது. அந்தக் கூலி ஒரு சிட்டிங்குக்குச் சில ஆயிரங்கள்.

பலன் உண்டா என்றால், பாதி வெளிச்சம், பாதி இருட்டு. முழங்கால் தேய்மானத்துக்கும் இதே ஊசியைப் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 288 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்குப் பி.ஆர்.பி.யும் மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீரும் முழங்காலில் போட்டுப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 2021-இல் 'ஜாமா' இதழில் எழுதினார்கள். முடி விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. சில சிறிய ஆய்வுகளில் அடர்த்தி கூடியிருக்கிறது. ஆனால் ஒருவர் ஒருமுறை சுற்றுகிறார், இன்னொருவர் இருமுறை சுற்றுகிறார். ஆளுக்கொரு அளவு, ஆளுக்கொரு இடைவெளி. வைத்து ஒப்பிட வழியில்லை. எல்லாரும் ஒத்துக்கொள்வது ஒன்றுதான்: தூங்குகிற வேரை எழுப்பலாம், செத்த வேரை எழுப்ப முடியாது.

எந்த கிளினிக்குக்குப் போவது என்ற கேள்விக்கு என்னிடமே ஆதாரங்கள் குவிந்திருந்தன. நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறவன். காலண்டர், பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் பிளேட்டுக்குப் போகும். முடி கிளினிக் நோட்டீஸ்களும் அப்படித்தான். எல்லாவற்றிலும் இரண்டு படம் இருக்கும். 'முன்' படத்தில் ஆள் ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே குனிந்து, தலையை ஈரமாக்கி, சொத்தை இழந்தவர் முகத்தோடு இருப்பார். 'பின்' படத்தில் அவரே நிமிர்ந்து, முடியை முன்பக்கம் சீவி, நிழலில் நின்று சிரிப்பார். இடது காதுக்குப் பின்னால் மச்சமுள்ள ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். திருநெல்வேலி நோட்டீஸில் அவருக்கு மூன்று மாதத்தில் முடி முளைத்தது. கோயம்புத்தூர் நோட்டீஸில் அதே மச்சத்துக்கு ஆறு வாரத்தில் முளைத்தது. கோயம்புத்தூர்த் தண்ணீர் விசேஷம் போலிருக்கிறது.

"அண்ணே, கான்ட்ராஸ்ட்டை லேசா ஏத்துனா இன்னும் ரெண்டாயிரம் முடி முளைக்கும்" என்பான் எங்கள் டிசைனர். அதற்கு அவன் ஊசியெல்லாம் போடுவதில்லை, மவுஸ்தான்.

நம் நாட்டு மருந்து விதிகளில் 'ஜே' என்று ஓர் அட்டவணை உண்டு. இன்னின்ன நோயைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. எய்ட்ஸ், புற்றுநோய் எல்லாம் இருக்கிற அந்த வரிசையில் வழுக்கையும் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் நோட்டீஸ் நிறையப் படித்திருக்க வேண்டும்.

என்னைத் தனியாக அனுப்ப மனைவிக்குத் துணிவில்லை. "அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவள் அண்ணன், அதாவது என் மச்சான், பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். மருந்துக்கலவையோடு முப்பது வருஷம் பழகி, பத்து விரலோடும் இரண்டு புருவத்தோடும் இருப்பவர். எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய படிப்பு கிடையாது.

முதலில் போனது பக்கத்துப் பெரிய ஊரில் ஒரு கிளினிக். கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, மல்லிகை வாசனை. டை கட்டிய பெண் 'கோல்டு', 'பிளாட்டினம்' என்று பேக்கேஜ் அட்டையை நீட்டி, இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி, தவணையும் உண்டு என்றார். என் தலையை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாசு ஆலையில் ஒவ்வொரு செட்டின் சுவரிலும் எழுதியிருக்கும்: அறை எண், அங்கே என்ன வேலை, எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம். படிக்காமல் அவர் எந்த அறையிலும் கால் வைத்ததில்லை.

"ஏம்மா, லைசென்ஸ் எங்க மாட்டியிருக்கு?"

"ஐ.எஸ்.ஓ. சர்டிஃபிகேட் இருக்கு சார்."

"அது பிஸ்கட் கம்பெனிக்கும் தருவாங்கம்மா. நான் கேக்குறது வேற."

அவர் கேட்டது நியாயம். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இல் வந்தது. அதற்கான விதிகள் 2018-இல் வந்தன. சட்டத்துக்கும் விதிகளுக்கும் நடுவில் ஒரு பிள்ளை பிறந்து கல்லூரிக்கே போய்விடலாம். ஆனாலும் வந்துவிட்டன. சின்ன கிளினிக்காக இருந்தாலும் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு வாங்க வேண்டும். சலூன் வைக்க வாங்கிய உரிமம் அதற்கு ஈடாகாது. 2016-இல் சென்னையில் முடிமாற்று சிகிச்சை எடுத்துக்கொண்ட மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்துபோனார். அந்த இடத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம்தான் என்பது அதன் பிறகே வெளியே வந்தது. மருத்துவம் படித்த பிள்ளைக்கே அந்தக் கதி.

"சரி, மருந்து கலக்குறது யாரு?" என்றார் மச்சான்.

"டெக்னீஷியன் சார். நல்லா ட்ரெய்னிங் எடுத்தவரு."

"ஊசி போடுறது?"

"அவருதான்."

"அப்ப போர்டுல இருக்கிற டாக்டர்?"

"ஞாயித்துக்கிழமை வருவாங்க சார். சில ஞாயித்துக்கிழமை."

மச்சான் என் பக்கம் சாய்ந்து, "உள்குத்தகை, மாப்ள" என்று முணுமுணுத்தார். ஒருவர் பெயரில் லைசென்ஸ், உள்ளே வேலை பார்ப்பது வேறு ஆள். எங்கள் ஊரில் விபத்து நடந்த மறுநாள் பேப்பரில் அடிக்கடி தலைகாட்டுகிற வார்த்தை அது.

ட்ரெய்னிங் பற்றி தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் ஓர் அறிவுரை வெளியிட்டது. பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொள்வது அழகியல் சிகிச்சை செய்யப் போதிய பயிற்சி ஆகாது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஓர் ஆணையம் இதை எழுத்தில் சொல்ல வேண்டி வந்ததென்றால், எத்தனை பேர் யூடியூபைப் பார்த்துக்கொண்டே ஊசியைக் கையில் எடுத்தார்களோ!

மச்சான் கடைசிக் கேள்விக்கு வந்தார். புதிதாகச் சேர்கிற எவனையும் அவர் முதல் நாள் கேட்கிற கேள்வியாம் அது.

"மீதி மருந்தை என்ன செய்வீங்க?"

அந்தப் பெண் முகம் மலர்ந்தது. "வேஸ்ட் பண்ணவே மாட்டோம் சார். ஃப்ரிட்ஜ்ல வச்சு அடுத்த சிட்டிங்குக்குப் போட்டுக்கலாம்."

மச்சான் எழுந்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மீதியை வைத்திருந்தால் அது நம்மைத் தீர்க்கும் என்பது அவர் தொழிலின் பாலபாடம். பி.ஆர்.பி.யும் அப்படித்தான்; பிரித்த சூட்டோடு போட்டுவிட வேண்டும். வைத்திருந்தால் கிருமி சேரலாம், ஒருவர் குழாய் இன்னொருவருக்கு மாறலாம். கற்பனை இல்லை இது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையம் இதே பிளாஸ்மாவை முகப்பொலிவுக்குப் போட்டுவந்தது. 2018-இல் அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது சமையல் மேடையில் பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் நின்றன. குளிர்பதனப் பெட்டியில் சாப்பாட்டோடு சாப்பாடாக இன்னும் சில குழாய்கள். அங்கே போன பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றிய விவரத்தை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் வெளியிட்டது. சரக்கு நம்முடையதுதான் என்பதற்கு அத்தாட்சி, குழாயில் நம் பெயர் எழுதியிருப்பது மட்டும்தான்.

அடுத்து விருதுநகரில், மருந்துக்கடை மாடியில் ஒரு தோல் டாக்டரம்மா. மீன் தொட்டி கிடையாது. மீனுக்குப் பதிலாகச் சொறியும் படையுமாக ஜனங்கள்தான் பெஞ்சில். போர்டில் பெயர், எம்.டி. பட்டம், மருத்துவ கவுன்சில் பதிவு எண். பதிவுச் சான்றிதழ் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. மச்சான் இரண்டையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா என் தலையை டெர்மோஸ்கோப் என்ற சின்ன லென்ஸ் வைத்து வரப்பு வரப்பாகப் பார்த்தார். ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா, ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரை உண்டா, மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா, அப்பா தலை எப்படி என்று கேட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"முன்பக்கம் போனது போனதுதான். ஊசி போட்டாலும் வராது. உச்சியில பூனைமுடி இருக்கு. முதல்ல ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு பாருங்க. மினாக்சிடில் எழுதித் தர்றேன், பூசுங்க. ஆறு மாசம் கழிச்சுப் போட்டோ எடுத்து ஒப்பிடுவோம். பி.ஆர்.பி. வேணுமான்னு அப்பப் பேசலாம்."

"கேரண்டி உண்டாங்கம்மா?" என்றேன்.

"கேரண்டி மிக்ஸிக்குத் தருவாங்க. நான் தர மாட்டேன்."

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் கேள்விகளை இறக்கினார். குழாய் உங்கள் கண் முன்னால் பிரிப்போம், பெயர் எழுதுவோம், நீங்கள் பார்க்கவே சுற்றுவோம், ஊசி நான்தான் போடுவேன் என்று டாக்டரம்மா வரிசையாகச் சொன்னார்.

"மீதி மருந்து?"

"மருத்துவக் கழிவுல போயிடும். அடுத்த தடவைக்குப் புது ரத்தம்தான்."

படியிறங்கும்போது மச்சான் என் தோளில் தட்டினார். "மாப்ள, இது நாக்பூர் லைசென்ஸ்!" வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையிடம் நாக்பூரில் இருக்கிறது, பெரிய ஆலைகளுக்கு உரிமம் அங்கிருந்துதான் வரும். அவர் வாயிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கும் அதற்கு முன் அந்தப் பட்டம் கிடைத்ததில்லை.

வீட்டில் கணக்குக் கேட்டார்கள். "வேணாம்னு சொல்றதுக்கா ஃபீஸ் குடுத்தீங்க?" என்றாள் மனைவி. பிளாட்டினம் பேக்கேஜின் விலையை மச்சான் சொன்னதும், அந்த டாக்டரம்மாவுக்குச் சீனி மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே என்றாள். ஃபீஸ்கூடத் தர முடியாதவர்களுக்கு விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறது. தோல் நோய்ப் பிரிவில் ஓ.பி. சீட்டுப் போட்டு உட்கார்ந்தால், செத்த வேர் எது, தூங்குகிற வேர் எது என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

போன வாரம் அச்சகத்துக்கு ஒரு வேலை வந்தது. மீன் தொட்டி கிளினிக்கின் தீபாவளிச் சலுகை நோட்டீஸ். மச்சக்காரர் இந்த முறை நான்கே வாரத்தில் முளைத்திருந்தார். வெடி லேபிளில் உரிம எண் விட்டுப்போயிருந்தால் ப்ரூஃபைத் திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் நோட்டீஸின் அடியில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன்: 'சிகிச்சை அளிக்கும் மருத்துவர்: ......... பதிவு எண்: .........' கோடிட்ட இடங்களை நிரப்பித் தரும்படி வாட்ஸ்அப்பில் அனுப்பினான் டிசைனர். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. அதற்குப் பிறகு பேச்சுமூச்சு இல்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டும் யாரும் வரக் காணோம்.