சட்டியில் ஓர் ஆலமரம்

1,500 ரூபாய் கொடுத்து வாங்கிய போன்சாய் ஆலமரம், என் மடியில் உட்கார்ந்து ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தது. டிவி பக்கத்தில், ஏசிக்கு நேர் கீழே வைத்தோம். பத்தே நாளில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று காலையில் நான் ஊற்றினேன், மதியம் மனைவி, இரவில் அம்மா. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டு ஆழத்துச் சட்டிக்குள் வேர் மூச்சுத் திணறி அழுகியதுதான் மிச்சம்.

நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சை, உயிர் இருக்கிறது! அழுகிய வேரை நறுக்கி, செங்கல் பொடி கலந்த மண்ணுக்கு மாற்றி, மொட்டைமாடி நிழலுக்குக் கொண்டுபோனேன். உரம் கிடையாது. விரலால் தொட்டு, மேல்மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அம்மாவிடமிருந்து சொம்பைப் பிடுங்கியதுதான் பெரிய வைத்தியம்.

1945-ல் ஹிரோஷிமா அணுகுண்டுக்கே தப்பிய போன்சாய் பைன் ஒன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பாசத்துக்கு அது தப்பியிருக்குமா, சொல்ல முடியாது.

இதற்கிடையே, குளியலறைக் குழாய் ஓரம் சுவர் வெடிப்பில் ஓர் ஆலங்கன்று, யாரும் கவனிக்காமலே தளதளவென்று வளர்ந்து நின்றது. அதை வெட்ட வந்தவருக்குக் கூலி 500 ரூபாய். சட்டியில் இருப்பதற்கு இன்றுதான் மூன்றாவது இலை வந்திருக்கிறது.