அம்மாவுக்கு வந்த கடுதாசி

1970-களின் தொடக்கத்தில், மலேசியாவின் ரெம்பாவ் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எங்கள் தொழிலாளர் லயம் முழுவதற்கும் சேர்த்து மூன்று புத்தகங்கள் இருந்தன. மு. வரதராசனின் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’. மூன்றும் தோட்டப் பள்ளி வாத்தியாரின் தகரப் பெட்டியிலிருந்து வந்தவை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்ற 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால் எழுந்த சிறு பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. அந்தப் பெட்டியிலிருந்த புத்தகங்களோ வாத்தியார் தம் சம்பளத்தில் வாங்கியவை.

மு.வ. அந்த நூல்களைக் கடித வடிவில் எழுதியிருந்தார். அதனால்தான் அவை எங்கள் வீட்டுக்குள் அவ்வளவு எளிதாக நுழைந்தன. முதல் நாள் மண்ணெண்ணெய் விளக்கருகே நான் படிக்க உட்கார்ந்தபோது அம்மா கேட்டார்:

“யாருக்குடி கடுதாசி?”

“அம்மாவுக்கும்மா. மகன் எழுதுறான்.”

“அப்ப எனக்குத்தான். சத்தமாப் படி.”

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், ரப்பர் மரம் சீவி, பால் தூக்கி வந்து, சமைத்து முடித்த பிறகு கேட்பார். விரலிடுக்கில் காய்ந்த பால் தோல்போல ஒட்டியிருக்கும். ஒரு நாள் அம்மா படத்தைத் தேடிப் புரட்டுகையில் அந்தப் பால் பட்டு இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. நான் நகத்தால் மெல்லப் பிரித்தேன். ஓரத்தில் பழுப்புக் கறை நின்றுவிட்டது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அம்மாவே கூட வந்து, தலைகுனிந்து நின்றார். வாத்தியார் கறையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும்மா. அடுத்ததை எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார்.

புத்தகம் குறைவாக இருந்ததால் யாருக்கு எழுதியது என்று பார்க்காமல் எல்லாரும் எல்லாவற்றையும் படித்தோம். நான் ‘தம்பிக்கு’ படித்தேன். அண்ணன் ‘தங்கைக்கு’ படித்தான். அவனுக்குச் சொல்லப்படுவது எனக்கும், எனக்குச் சொல்லப்படுவது அவனுக்கும் தெரிந்தது. ஆறாம் வகுப்பு முடிந்ததும் என்னை வேலைக்கு அனுப்பும் பேச்சு வந்தபோது, “தங்கச்சி படிக்கட்டும்” என்று அப்பாவிடம் முதலில் சொன்னவன் அண்ணன்தான். அம்மா அவன் பக்கம் நின்றார். நான் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போனேன்; பின்னர் தமிழ்ப்பள்ளி ஆசிரியையானேன்.

இன்று அந்த லயம் இல்லை. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. எங்கள் ஆட்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு புத்தகமும் இருக்கிறது. ஆனால், 1988-இல் ஆறாம் வகுப்புக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்த பிறகு, வாங்கியவற்றில் பெரும்பாலானவை பயிற்சி நூல்கள். ஆசிரியையாக நானும் அவற்றைத்தான் வாங்கச் சொன்னேன். அந்தக் குற்றவுணர்வு எனக்கு உண்டு. 2021-இல் தேர்வையே எடுத்துவிட்டார்கள். அதோடு அந்த நூல்கள் பழைய பேப்பர்காரரிடம் போயின. கதைப் புத்தகத்தை யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது நல்ல புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என்று பிரித்து வைத்துவிட்டோம். ஒருவர் புத்தகத்தை மற்றவர் தொடுவதில்லை. பிள்ளை என்ன கேட்டு ஏங்குகிறது என்று தாய்க்குத் தெரியாமலும், தாய் எதற்கு அஞ்சுகிறாள் என்று ஆசிரியருக்குத் தெரியாமலும் போவது இதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிறு மாலைகளில் அக்கம்பக்கத்துத் தாய்மாரைப் பிள்ளைகளோடு வீட்டுக்கு அழைக்கிறேன். முதலில் எடுத்தது இரா. நடராசனின் ‘ஆயிஷா’. கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவி, அடி வலிக்காமலிருக்க மருந்து தேடித் தன் உடம்பிலேயே சோதித்து இறந்துபோகும் கதை. அவளுடைய ஆசிரியை சொல்வதாக எழுதப்பட்டது. ஆசிரியர்கள் படிக்க வேண்டிய கதை என்றே பலரும் சொல்வார்கள். நான் தாய்மாருக்குப் படித்தேன்.

முடித்ததும் ஒரு தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “டீச்சர், இவ ஏதாச்சும் கேட்டா நானும் ‘சும்மா இரு’ன்னுதான் சொல்றேன்” என்றார். பக்கத்திலிருந்த பதின்மூன்று வயது மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

போகும்போது அந்த மகள் புத்தகத்தை இரவல் கேட்டாள். “ஏற்கெனவே கேட்டுட்டியேம்மா?” என்றேன்.

“அப்பா கேக்கலையே டீச்சர். அவருக்கு நான் படிச்சுக் காட்டணும்.”