ஆரஞ்சுத் தாளின் இன்மை: ஒரு தருக்க ஆராய்ச்சி

அமெரிக்காவின் சிகாகோ மாநகரில் ஏப்ரல் முதல் நவம்பர் நடுப்பகுதிவரை மரங்கள் தாள் உடுத்தும். தாளின் நிறம் ஆரஞ்சு. நாளைக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணிவரை தெருக்கூட்டும் வண்டி வரும், இங்கே கார் நிறுத்தலாகாது என்பது அதன் பொருள். மீறினால் 60 டாலர். காலத்தில் கட்டாவிட்டால் 120. இத்துணைச் செறிவான நூலுக்கு இதுகாறும் முறையான உரை எழுதப்படாமை புலமை உலகுக்கே இழுக்கு. ஆதலின் இவ்வாய்வு.

அகத்திணை மரபின்படி முதற்பொருள் காண்போம். நிலம், நடைபாதையை ஒட்டிய ஒரு காரகலம். பெரும்பொழுதும் சிறுபொழுதும் மேலே சொல்லப்பட்டன. கருப்பொருள்: மரம், கம்பம், புறா, சுழல் துடைப்பம் பூட்டிய லாரி. உரிப்பொருளில்தான் கருத்து வேறுபாடு. பணத்தைப் பிரிதலும் பிரிதல் நிமித்தமுமே இங்கு நிகழ்வதால் இது பாலை என்பது எம் துணிபு. இரங்கல் எனக் கொண்டு நெய்தலில் வைப்பாரும் உளர். 60 டாலருக்கு அது மிகை, 120க்குப் பொருந்தும்.

தெருவைக் கூட்டவே வேண்டாம் என்று வாதிடுவார் எவருமிலர். அவ்வூரில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. இலையும் குப்பையும் வடிகால் வாயை அடைத்தால் நீர் தெருவில் தேங்கும். ஆக, சண்டை குப்பையைப் பற்றியதன்று, தாளைப் பற்றியது. நியூயார்க்கில் இச்சிக்கல் இவ்வளவு முற்றவில்லை. 1950இல் தொடங்கிய அவ்வூர் முறையில் பலகைகள் கம்பத்தில் நிலையாக நிற்கின்றன; கிழமையும் மாறாது. தீபாவளியன்று விலக்குகூட உண்டு. சிகாகோவிலும் வார்டுவாரியாக அட்டவணை வெளியிடுகிறார்கள். ஆனால் அது மாறுதலுக்கு உட்பட்டது. மரத்தில் இருப்பதே முடிந்த முடிபு. அம்முடிபோ காற்றடித்தால் பறப்பது, மழை பெய்தால் நைவது.

டிக்கெட்டை எதிர்த்து முறையிடலாம். அதற்கு எவையெவை காரணமாகும் என்று மாநகரச் சட்டம் வரையறுத்திருக்கிறது. கார் அப்போது திருடுபோயிருந்தது என்பது ஒன்று. டிக்கெட்டில் எழுதியிருப்பது உண்மையோடு ஒட்டவில்லை என்பது ஒன்று. அறிவிப்பு இல்லை, அல்லது மறைந்திருந்தது என்பதும் ஒன்று. ‘கவனிக்கவில்லை ஐயா’ என்பது பட்டியலில் இல்லை. எனவே தாளால் அடிபட்டோர் பலரும் மூன்றாவதன் நிழலில்தான் ஒதுங்குகிறார்கள். அங்கேதான் அளவை நூல் தொடங்குகிறது.

மணிமேகலை சொல்லும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. இல்லாததை இல்லை என்று அறிதல். சொல்ல எளிது, மெய்ப்பிப்பது அரிது. டிக்கெட்டோ ஆகம அளவை. எதிர்ச்சான்று வரும்வரை அதில் எழுதியதை உண்மையென்றே சட்டம் கொள்ளும். அதற்கெதிரே கார்க்காரர் முதலில் கருதலளவையைத் தூக்கிக்கொண்டு வருவார்: ‘தெரு முழுக்கக் கார்கள் நின்றன; தாள் இருந்திருந்தால் இத்தனை பேர் நிறுத்தியிருப்பார்களா?’ நிறுத்தியிருப்பார்கள். தாள் இருந்தும் நிறுத்துவோர், இல்லாதபோதும் நிறுத்துவோர் என இரு பக்கத்திலும் செல்வதால் இந்த ஏது அநைகாந்திகம் என்னும் போலியாகிறது.

அடுத்து அவர் நம்புவது காண்டலை, அதாவது கைபேசிப் படத்தை. வெறும் மரத்தைப் படமெடுத்து இணைப்பார். கேமரா இன்மையைப் படமெடுப்பதில்லை, மரத்தைத்தான் எடுக்கிறது. அடுத்த மரத்தில் தாள் இருந்தால் வழக்கு அங்கேயே சாய்ந்தது. தெருவின் இந்த முனை முதல் அந்த முனைவரை ஒவ்வொரு மரமும் கம்பமும் தொடர்ச்சியாகப் படத்தில் வந்தால்தான் இன்மை ஓரளவு உருப்பெறும். அதிலும் காலச்சிக்கல் உண்டு. தருக்க நூலார் இன்மையை நான்காகப் பகுத்தது இந்நகரை மனத்திற்கொண்டே என்று நான் ஐயுறுகிறேன். முந்தின நாள் மதியம் கார் நிறுத்தும்போது மரம் வெறுமை, மாலையில்தான் தாள் ஏறியது என்றால் அது முன்னபாவம். வாதம் உண்மைதான், ஆனால் எடுபடாது. மறுநாளுக்கான தாள் மாலையில் ஏறினும் அது தாளே. இரவுக் காற்றில் பறந்துவிட்டது என்றால் அழிவுபாட்டபாவம். சாக்கடை வாயில் கிடக்கும் கிழிந்த ஆரஞ்சுத் துண்டையும் படமெடுத்துச் சேர்ப்பது நலம். காணாமற்போன பூனையைத் தேடும் அறிவிப்பை மாநகர அறிவிப்பென்று ஊழியர் மயங்கினார் எனல் ஒன்றினொன்றபாவம். இது நூலளவில் அழகு, விசாரணையில் ஆடிப்பார்க்க வேண்டாம். நான்காவதான என்றுமபாவம், தாளை ஒட்டவே இல்லை என்பது. வலுவானது இதுவே; நேற்றைய மாலைப் படத்தையும் இன்றைய காலைப் படத்தையும் இதுவே கேட்கும். ஆனால் தாளில்லாத மரத்தை முந்தின மாலையே படமெடுத்து வைத்திருப்பவருக்கு டிக்கெட் விழுவதில்லை. அத்தனை எச்சரிக்கையுள்ளவர் காரை அப்போதே நகர்த்தியிருப்பார்.

துடைப்ப லாரி 10 மணிக்கே போய்விட்டது, தெரு கண்ணாடிபோல் இருக்கிறது, 11 மணிக்கு நிறுத்தினால் என்ன குற்றம் என்று வினவுவார்க்கு: விதி நோக்குவது பொழுதை, குப்பையை அன்று. அக்காரை வேறெங்கே நிறுத்துவது எனின், எதிர்ச்சாரியில். மறுநாள் தாள் அச்சாரிக்கு மாறுதலும் உண்டு. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை முதன்மைச் சாலைகளில் பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பின்னிரவு 3 முதல் 7 மணிவரை கார் நிறுத்தலாகாது என்னும் பனிக்காலச் சூத்திரம் தனி நூல். விரிவஞ்சி ஈண்டு விடப்பட்டது.