சிப்பி போட்ட பட்ஜெட்

பழைய பாண்டியனின் நிதித்துறையைப் பார்த்துப் பொறாமைப்படாத நிதியமைச்சர் இருக்க முடியாது. சரக்கு கடலுக்கு அடியில் தானாக விளைகிறது. விதை கிடையாது, உர மானியம் கிடையாது, கடன் தள்ளுபடி கேட்டு யாரும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவதும் கிடையாது. முங்கி எடுத்துவர ஆள் வேண்டுமே என்றால், அதற்கும் செலவில்லாமல் வழி கண்டிருந்தார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. சம்பளம் இல்லை, பஞ்சப்படி இல்லை, பழைய ஓய்வூதியத் திட்டத்தைத் திருப்பிக் கொடு என்று மறியல் செய்ய ஒரு சங்கமும் இல்லை. நாட்டில் குற்றம் குறைந்துவிட்டால் வருவாயும் குறையும் என்பது ஒன்றுதான் துறையின் கவலையாக இருந்திருக்கும்.

கொற்கையில் வரவு ஏறினால் ரோமாபுரியில் பற்று எழுதியாக வேண்டும். எழுதியவர் மூத்த பிளினி. இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் சேர்ந்து வருஷத்துக்கு 10 கோடி செஸ்டர்ஷியஸ் நாணயத்தை உறிஞ்சிக்கொண்டு போகின்றன, எல்லாம் நம் வீட்டுப் பெண்களின் ஆடம்பரத்தால் வந்த வினை என்று புலம்பி வைத்தார். வர்த்தகப் பற்றாக்குறைக்கு மனைவியின் காதைக் காரணம் காட்டும் பொருளாதாரக் கொள்கை அன்றைக்கே பிறந்துவிட்டது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தபோது, கணக்கு வழக்கு இன்னும் தெளிவாகிவிட்டது. எடுக்கும் முத்தில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. கடற்கட்டி என்று இவர்களைச் சொல்வார்கள். ராஜாவுக்குப் 10 சதவீதம், மந்திரவாதிக்கு 5 சதவீதம் என்றால், பாதுகாப்புத் துறைக்கு இவ்வளவு தாராளமாக ஒதுக்கிய அரசு அரிது. அந்த ஒதுக்கீட்டுக்கு வேலையும் நடந்தது. மந்திரம் பகலில் மட்டும்தான் செல்லும். சாயங்காலம் அதை அவிழ்த்து விட்டுவிடுவார்களாம். ராத்திரி திருட்டுத்தனமாக எவனாவது முங்கினால் சுறா பார்த்துக்கொள்ளும். ஒரே பணத்தில் பகல் காவலும் ராத்திரி காவலும். டெண்டர் விட்டிருந்தால்கூட இவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்காது.

இப்படிச் சேர்ந்ததை என்ன செய்தார்கள்? அதையும் போலோ சொல்கிறார். ராஜா செத்தால் பிள்ளைகள் அப்பாவின் கஜானாவைத் தொட மாட்டார்கள். அப்பா இவ்வளவு சேர்த்தார், நானும் அவ்வளவு சேர்க்க வேண்டும் என்று புதிதாக ஒரு கஜானா தொடங்குவார்கள். தலைமுறைக்குத் தலைமுறை உபரி. ஏரி தூர் வாரினார்களா, பாதை போட்டார்களா என்றெல்லாம் அவர் எழுதவில்லை; பூட்டி வைத்தார்கள் என்பதை மட்டும் வாயைப் பிளந்து எழுதுகிறார்.

செலவே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். குதிரை வாங்கினார்கள். ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார். அவருடைய நான்கு சகோதரர்களும் ஆளுக்கு அவ்வளவு வாங்குவார்கள். எல்லாம் ஹோர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து காயல் துறையில் வந்து இறங்கும் உயர்ந்த ஜாதிக் குதிரைகள். வருஷக் கடைசியில் நூறுகூட உயிரோடு மிஞ்சாது. தீனி போடவும் லாடம் அடிக்கவும் இங்கே ஆளுக்குத் தெரியாது. தெரிந்தவனைக் குதிரை வியாபாரி அனுப்பவும் மாட்டான். செத்தால்தானே அடுத்த வருஷம் அவனுக்கு வியாபாரம்? முத்தை விற்றுக் குதிரை, குதிரை செத்து மறுபடி முத்து. மூலதனச் செலவு என்று கணக்கில் எழுதிவிட்டு, வருஷா வருஷம் அதையே புதிதாக வாங்குகிற பழக்கத்துக்கு நம் மண்ணில் 700 வருஷப் பாரம்பரியம் உண்டு.

பூட்டி வைத்த உபரிக்கு ஒரு நாள் ஆள் வந்தது. குலசேகர பாண்டியனுக்குப் பிறகு சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் மதுரைக்கு வந்து சேர்ந்தார். தெற்கே இருந்து அவர் டெல்லிக்குக் கொண்டுபோனது 612 யானை, 20,000 குதிரை, ஏராளமான தங்கம் என்று வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரணி பட்டியல் போடுகிறார். பாண்டியன் உபரி, டெல்லி வருவாய். மத்திய, மாநில நிதிப் பங்கீடு அப்போதே இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

அடுத்த கணக்குப்பிள்ளை போர்ச்சுகல். 1530களில் பரதவர்கள் கத்தோலிக்கத்துக்கு மாற, முத்துக்குளித்துறை லிஸ்பனின் கைக்குள் போயிற்று. இந்தக் கரையிலிருந்து போன காசில் வருஷத்துக்கு 4,000 பணம் ஒரு தனிச் செலவினத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. செலவினத்தின் பெயர், போர்ச்சுகல் ராணியின் காலணி. மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு அடியில் சிப்பி பொறுக்குவான். லிஸ்பனில் அரண்மனைத் தளத்தில் டக் டக் என்று சத்தம் கேட்கும். 1542இல் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார், அந்தப் பணத்தை உபதேசியார்களின் சம்பளத்துக்குத் திருப்பிவிட வைத்தார். ராணி மோட்சம் ஏறுவதற்கு இந்தக் கரைக் குழந்தைகளைவிட நல்ல செருப்பு ஏது என்று அவர் வாதம். அந்த உபதேசியார்களுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். செருப்புக்குப் போன பணம் கணக்கப்பிள்ளைக்கு வந்ததுதான் முத்துக்குளித்துறையின் நிதி வரலாற்றில் நடந்த ஒரே உருப்படியான செலவுச் சீர்திருத்தம்.

1580இல் போர்ச்சுகல் கிரீடம், கூடவே இந்த முத்துக்கரையும், ஸ்பெயின் ராஜா இரண்டாம் பிலிப்பின் கைக்குப் போயின. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளி வந்துகொண்டிருக்கும்போதே 1557இலும் 1575இலும் கடன்காரர்களுக்குக் கையை விரித்த மகராசன். பிறகு 1596இலும் விரித்தார். வருமானம் பெருகினால் கடன் அடையும் என்று நம்புகிறவர்கள் அவர் படத்துக்குத் தினமும் ஊதுவத்தி ஏற்றலாம்.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். இவர்கள் வரி போட்டது கல்லுக்கு. குளியாள் காலில் மாட்டிக்கொண்டு இறங்கும் கல்தான் கணக்கின் அலகு. மதுரை நாயக்கருக்கு வரியில்லாமல் 96½ கல், சேதுபதிக்கு 60 கல், பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு 185 கல் என்று டச்சுப் பேரேட்டில் சலுகைப் பட்டியல் ஓடுகிறது. அந்த அரைக் கல்லைக் கட்டிக்கொண்டு பாதி ஆழம் போனவர் யார் என்பது நாயக்கருக்கே வெளிச்சம். வரிச் சலுகை பெறாதவர் யாராவது மிச்சம் இருந்தால் அவர் சிப்பியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதுவும் பிற்பாடு ஒத்துழைக்க மறுத்தது. 1768க்குப் பிறகு 1796 வரை, 28 வருஷம், மன்னார் பக்கம் இலங்கைப் பாரில், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டில், ஒரு குளிப்பும் நடக்கவில்லை.

அப்படி ஓய்வெடுத்துக் கொழுத்திருந்த பாரில் ஆங்கிலேயர் காலை வைத்தார்கள். 1796, 1797, 1798 என்று மூன்று வருஷம் தொடர்ந்து குளிப்பு. பிந்திய இரண்டு வருஷமும் தலைக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். இலங்கைக்கு ஆளுநராக வந்த பிரெடரிக் நார்த், இதுதான் வழக்கமான வருமானம் என்று நினைத்துக் கணக்குப் போட்டார். சிப்பிக்குப் பட்ஜெட் உரை புரியாது. அடுத்த வருஷமே வரவு விழுந்தது.

பிற்பாடு ஒரு குளிப்பு எப்படி நடந்தது என்று பார்த்தால் அரசாங்கத்தின் ஆசை விளங்கும். முன்கூட்டியே பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, முத்தை மதிப்புப் போட்டு, விளம்பரம் செய்வார்கள். இதுதான் வரவு மதிப்பீடு. குளியாட்கள் கொண்டுவந்து கொட்டியதை மூன்று கூறாக்கி, இரண்டு கூறு அரசுக்கு, ஒன்று அவர்களுக்கு. சாயங்காலம் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று அரசுப் பங்கு ஏலம் போகும். திறக்காத சிப்பிக்குத்தான் ஏலம். கீழக்கரை மரைக்காயரிலிருந்து நாட்டுக்கோட்டைச் செட்டியார் வரை மூடிய சிப்பியை முறைத்துப் பார்த்துக்கொண்டே விலையை ஏற்றுவார்கள். பிறகு அதை நாள்கணக்கில் அழுகவிட்டு, ஈ மொய்க்க, புழு நெளிய, கழுவி அரித்து, ஆணிமுத்திலிருந்து தூள் வரை ரகம் பிரிக்கும்போதுதான் வாங்கியவருக்கு விதி தெரியும். அரசாங்கம் அதற்குள் பணத்தை எண்ணிக்கொண்டு போயிருக்கும். நாற்றம் அவருக்கு, உபரி அரசுக்கு.

தூத்துக்குடிப் பார் இவ்வளவு தாராளம் காட்டவில்லை. 1822இல் சுமார் 13,000 பவுண்டு, 1830இல் சுமார் 10,000. அதோடு கதவை மூடிவிட்டது. 1830க்கும் 1856க்கும் நடுவே 13 தடவை முங்கிப் பார்த்தார்கள், தேறவில்லை. துறைமுக அதிகாரி கேப்டன் ராபர்ட்சன் விளக்கம் எழுதினார். பாம்பன் கால்வாயை அகலப்படுத்தியதால் நீரோட்டம் மாறிவிட்டது. சங்கு எடுப்பவர்கள் பாரைக் கெடுத்துவிட்டார்கள். வரவு வந்தால் ஆட்சியின் சாதனை, வராவிட்டால் சர்வதேச நீரோட்டம். 1860 முதல் மூன்று வருஷம் சிப்பி கண் திறந்தது. உடனே கேப்டன் ஃபிப்ஸ் துறைமுகத்துக்குள் சிப்பிக்கு ஒரு நர்சரி போட்டுப் பார்த்தார். அது பிழைக்கவில்லை, தூத்துக்குடியில் அடுத்த குளிப்புக்கு 1889 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இலங்கையில் வல்லுநர் குழுவே அமைத்தார்கள். 1902இல் லிவர்பூலிலிருந்து வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் சிப்பியைத் தின்பது யார் என்று தேடி, திருக்கையைப் பிடித்தார். ஆனால் முத்து விளையக் காரணமான நாடாப்புழு வளர்வதும் அதே திருக்கையின் வயிற்றில்தான் என்றும் எழுதினார். திருடனை ஒழித்தால் வருமானமும் ஒழியும். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த உயிரியலை விளக்க வேண்டியதில்லை. புழுக் கதையைப் பிற்பாடு விஞ்ஞானிகள் நம்பவில்லை, கான்ட்ராக்டர்கள் நம்பியிருப்பார்கள்.

1905இல் 8 கோடிக்கு மேல் சிப்பி, 25 லட்சம் ரூபாய் வருமானம். இந்தத் தடவை இலங்கை அரசு வெள்ளைக்கார மூளையை வெள்ளைக்காரனிடமே காட்டியது. வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு, 20 வருஷக் குத்தகையாக, பார் மொத்தத்தையும் 1906இல் ஒரு லண்டன் கம்பெனியின் தலையில் கட்டியது. கம்பெனி இரண்டு வருஷம் அள்ளியது. சிப்பி நின்றது. 1912இல் கம்பெனி மூடியது. 2,000 வருஷத்தில் பற்றாக்குறையை ஓர் அரசாங்கம் பங்குதாரர்களிடம் தள்ளிவிட்ட ஒரே சந்தர்ப்பம் இதுவாக இருக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு தூத்துக்குடியில் 1955இல் தொடங்கி 1961இல் முடிந்த வரிசைதான் கடைசிக் குளிப்பு. 1973இல் அழகர்சாமி என்ற விஞ்ஞானி இங்கேயே செயற்கை முறையில் முத்து வளர்த்துக் காட்டினார். கஜானா அதையும் நம்பி உட்காரவில்லை, டாஸ்மாக் கிடைத்துவிட்டது.

நார்வேக்காரர்கள் எண்ணெய் கிடைத்த பிறகு, 1990இல் சட்டம் போட்டுத் தனி நிதி தொடங்கினார்கள். நல்ல வருஷத்துப் பணத்தை நல்ல வருஷத்திலேயே தின்னக் கூடாது என்பது சாரம். நம் கடற்கரையில் யாருக்கும் அது தோன்றவில்லை. முத்துப் பாரில் பணம் பார்த்த இலங்கை, 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2021இல் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று நம் தலையிலும் ஒரு கல்லைக் கட்டியது. லண்டன்காரனாவது கம்பெனியை இழுத்துப் பூட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான். நம் மாநிலக் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருப்பவை வங்கிகளும் எல்ஐசியும் வருங்கால வைப்பு நிதியும்; அதாவது நம் சேமிப்பு. கொடுத்ததும் நாம், வாங்கியதும் நாம், வட்டி கட்டப்போவதும் நாம். ஏமாற்ற ஒரு லண்டன் கம்பெனிகூட மிச்சமில்லாமல் செய்துவிட்டார்கள்.