சேப்பாக்கத்தில் வென்ற இரவில் ஆட்ட நாயகனைக் கழித்தெடுத்தல்: ஆம்பூர் டீக்கடை மரபு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சுருக்கம்

நம்ம அணி நம்ம மைதானத்தில் ஜெயித்துவிட்டால், அந்த ஜெயம் யாரால் வந்தது என்று தீர்ப்புச் சொல்ல இரண்டு மன்றங்கள் உண்டு. முதலாவது மைதானத்திலேயே கூடுகிறது. பின்னால் விளம்பரத் தட்டி, முன்னால் மைக், கையில் அட்டையில் அடித்த பெரிய காசோலை. சில நிமிடங்களில் தீர்ப்பு வந்துவிடும். இரண்டாவது மன்றம் தோல் தொழில் ஊர்களான ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் டீக்கடை பெஞ்சில் கூடுகிறது. இங்கே காசோலை இல்லை. ஆகவே அவசரமும் இல்லை. முதல் மன்றத்தைப் பற்றி எழுதிக் குவித்த அறிஞர் பெருமக்கள் இரண்டாவதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்ததே இக்கட்டுரை. கண்டுபிடிப்பை முதலிலேயே சொல்லிவிடுவது ஆய்வு மரபு என்பதால் சொல்லிவிடுகிறோம்: தோல் நகரத்து ரசிகர் ஆட்ட நாயகனைத் தேர்ந்தெடுப்பதில்லை. மற்ற எல்லோரையும் கழித்துக் கட்டிவிட்டு, மிஞ்சுகிறவரை வேறு வழியின்றி ஒப்புக்கொள்கிறார்.

2. ஆய்வுக் களமும் அதன் எல்லைத் தகராறும்

2019 நவம்பர் வரை இந்தத் தோல் வட்டாரம் முழுக்க ஒரே வேலூர் மாவட்டம். பிறகு ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கிவிட்டது. தாலுகா, ஆட்சியர் அலுவலகம் எல்லாவற்றையும் அரசு பிரித்துக் கொடுத்தது. கருத்து வேறுபாட்டைப் பிரித்துக் கொடுக்க யாராலும் முடியவில்லை. அது மூன்று மாவட்டங்களுக்கும் பொதுச் சொத்தாகவே இருக்கிறது.

அடுத்த சிக்கல், ‘சொந்த மண்’ எது என்பது. ஆம்பூர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் போகும் ரயில் பாதையும் இதே வழிதான். கிலோமீட்டர் கணக்குப் பார்த்தால் சேப்பாக்கத்தைவிட பெங்களூருவின் சின்னசாமி மைதானம் சற்றுக் கிட்டம். இதைக் காரணம் காட்டி, சென்னையின் மஞ்சள் சட்டைக்கு நடுவே பெங்களூருவின் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்காருகிறவர்கள் ஒவ்வொரு கடையிலும் உண்டு. அவர்களிடம் கேட்டால், “ஷூவை ஏத்துற லாரி எங்க போவுது, அதான் நம்ம ஊரு” என்கிறார்கள். ஏற்றுமதிச் சரக்கு சென்னைத் துறைமுகத்துக்குத்தானே போகிறது என்று சுட்டிக்காட்டினால், டீயைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். ஆகவே இவ்வாய்வுக்குச் சேப்பாக்கமே சொந்த மண் என்று கொள்ளப்பட்டது.

3. முன்னோர் தீர்ப்புகள்

சேப்பாக்கம் 1916இல் தொடங்கிய மைதானம். அங்கே வழங்கப்பட்ட தீர்ப்புகளைப் புரட்டினால், முதல் மன்றமும் பல முறை தடுமாறியிருப்பது தெரிகிறது.

1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் சமனில் முடிந்தது. ஆட்ட நாயகன் விருதை 210 அடித்த டீன் ஜோன்ஸுக்கும் 119 அடித்த கபில்தேவுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். சென்னை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசி, பத்து விக்கெட் எடுத்து, மணிந்தர் சிங்கை எல்பிடபிள்யூ ஆக்கி ஆட்டத்தைச் சமனாக முடித்துவைத்த கிரெக் மேத்யூஸுக்கு அதில் பங்கில்லை. விருதை இரண்டாக வெட்டலாம் என்றால் மூன்றாக ஏன் வெட்டக் கூடாது என்ற கேள்விக்கு முதல் மன்றம் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

1999 ஜனவரியில் பாகிஸ்தான் இதே மைதானத்தில் 12 ரன்னில் ஜெயித்தது. ஆட்ட நாயகன், முதுகுவலியோடு 136 அடித்துத் தோற்ற பக்கத்துச் சச்சின். கூட்டமோ எழுந்து நின்று, ஜெயித்த பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. நடுவர்கள் தோற்றவரைத் தேர்ந்தெடுக்க, ரசிகர்கள் வென்றவரைத் தேர்ந்தெடுத்த அபூர்வ நாள் அது. இரண்டு மன்றமும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதற்குக் கிடைத்துள்ள வலுவான சான்று இதுவே.

4. மாதிரி ஆட்டமும் தரவுச் சேகரிப்பும்

மேற்படி நிகழ்வுகள் பழையவை என்பதால், நம் ஆய்வுக்கு 2025 மார்ச் 23, ஞாயிறு இரவு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஐபிஎல்லில், சேப்பாக்கத்தில், சென்னையும் மும்பையும் மோதின. மும்பை 9 விக்கெட்டுக்கு 155. சென்னை ஐந்து பந்து மீதம் இருக்க, நான்கு விக்கெட்டில் ஜெயித்தது. முதல் மன்றத்தின் தீர்ப்பு: 18 ரன் கொடுத்து நான்கு விக்கெட் எடுத்த நூர் அகமது. சுபம் என்று அங்கே விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ஆம்பூரில் விளக்கு அணையவில்லை. அணைய வழியுமில்லை, அது ரமலான் மாதம். சஹர் வரை கடை திறந்திருக்கும். ஆனால் அந்த மாதமே தரவில் ஒரு பெரிய ஓட்டையைப் போட்டுவிட்டது. ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கியது. இஷாவும் தராவீஹும் தொழுதுவிட்டு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தபோது மும்பையின் இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. நூர் அகமது பந்து வீசியதை அவர்கள் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் 26 பந்தில் 53 அடித்த ருதுராஜையும், கடைசிவரை நின்று 65 அடித்து, சிக்சரில் முடித்த ரச்சின் ரவீந்திராவையும்தான். இவர்கள் ஓட்டு முழுக்கப் பேட்ஸ்மேன்களுக்கு விழுந்தது.

இதற்கு நேர் எதிர்த் தரவு மறுநாள் காலை கிடைக்கிறது. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்கள் விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, டப்பா கட்டி, கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். அவர்கள் முதல் இன்னிங்ஸை மட்டும் பார்த்துவிட்டு, டிவியை வீட்டு ஆண்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போனவர்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் அவர்கள் ஓட்டு, ஒன்று நூருக்கு. இல்லையென்றால், முதல் ஓவரிலேயே ரோகித்தை டக் அவுட் ஆக்கிய கலீல் அகமதுக்கு. “நூத்தி ஐம்பத்தஞ்சுல நிறுத்தினதாலதான்க்கா ரச்சின் நிதானமா நின்னான். இருநூறு போயிருந்தா நிப்பானா?” என்று ஒரு தங்கை கேட்ட கேள்வி, இத்துறையில் எழுப்பப்பட்ட கேள்விகளில் மிகக் கூர்மையானது.

ஆக, இரண்டாம் பாதியைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், முதல் பாதியைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். இரண்டையும் கடையிலேயே இருந்து கேட்ட ஒரே ஆள் டீ மாஸ்டர். அவருக்கோ பாய்லரைப் பார்த்த முகம், டிவியைப் பார்த்த முதுகு. கூட்டத்தின் கத்தலை வைத்தே அவர் ஸ்கோர் சொல்லிவிடுவார் என்றாலும், அதைக் கண்ணால் கண்ட சாட்சியாக ஏற்க ஆய்வு நெறி இடம் தரவில்லை.

5. கழித்தல் கோட்பாடு

இனி இந்த வட்டாரத்துக்கே உரிய முறையைப் பார்ப்போம். பதனிட்டு, சாயமேற்றி, காயவைத்த தோல்கள் தரம் பிரிக்கும் மேசைக்கு வரும்போது, அங்கே நிற்கிற அசார்ட்டர் எந்தத் தோலையும் “ஆகா, அருமை” என்று சொல்லி எடுப்பதில்லை. வெளிச்சம் விழும் பக்கம் மேசையைப் போட்டு, தோலை விரித்து, முதலில் குற்றம் தேடுவார். உண்ணி கடித்த புள்ளி இருக்கிறதா, முள் கீறியிருக்கிறதா, உரிக்கும்போது கத்தி பட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வயிற்றுப் பக்கத்தைக் கட்டைவிரலால் உள்ளே மடித்து அழுத்தி, மேல் பரப்பில் சுருக்கம் எப்படி விழுகிறது என்று கவனிப்பார். சுருக்கம் பெரிதாக விழுந்தால் கீழ்த்தரம். மயிரிழையாக விழுந்தால் மேல்தரம். குற்றம் ஒன்றும் சிக்காதபோதுதான் முதல் தர அடுக்கில் வைப்பார். அப்போதும் முகத்தில் சந்தோஷம் தெரியாது. இன்னொரு தரம் பார்த்திருக்கலாமோ என்ற சந்தேகம்தான் தெரியும்.

அப்படிப்பட்டவர் வேலை முடிந்து பெஞ்சுக்கு வந்தால் ஆட்டக்காரரை மட்டும் வேறு கண்ணால் பார்ப்பாரா? ருதுராஜ் மேசைக்கு வருகிறார். “அம்பத்திமூணு சரி. அப்பறம் முடிச்சுக் குடுத்துட்டு வந்தாரா?” மடித்துப் பார்த்ததில் சுருக்கம், தள்ளு. ஜடேஜா வருகிறார். 17 அடித்தும் ரன் அவுட், கத்தி வெட்டு. அஸ்வின் பல வருஷம் கழித்து ஊர்ச் சட்டையைப் போட்டிருக்கிறார், விக்கெட் ஒன்றுதான், ஊர்ப் பாசத்துக்காக நடு அடுக்கில் வை. ரச்சின் ஆட்டமிழக்கவில்லை, இவரிடம் குற்றம் காண்பது கஷ்டம். ஒரு பெரியவர் நீண்ட யோசனைக்குப் பின் கண்டுபிடித்தார்: “எல்லாம் சரி பாய். ஆனா தோனியை அடிக்க வுடலியே!” இந்த ஒரு குற்றத்தில் ரச்சின் விழுந்தார்.

மிச்சம் நூர். அவரிடமும் தகராறு இருந்தது, அது சொத்துத் தகராறு. அவருடைய நான்கு விக்கெட்டில் ஒன்று, சூர்யகுமாரை தோனி ஸ்டம்பிங் செய்தது. 0.12 நொடியில் பெயில் பறந்தது என்று டிவியே கணக்குச் சொன்னது. ஸ்கோர் புத்தகம் இந்த விக்கெட்டைப் பந்து வீசியவர் பேரில் பட்டா போட்டுக் கொடுக்கிறது. பெஞ்சு அதைக் கூட்டுப் பட்டாவாகவே கருதுகிறது. இந்த வழக்கில் நூருக்கு நான்கு வேண்டாம், மூன்றரை போதும் என்ற சமரசத் திட்டம் முன்மொழியப்பட்டது. அரை விக்கெட்டை எப்படி எழுதுவது என்று தெரியாததால் கைவிடப்பட்டது.

எதிர் அணியையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் ஒரு நியாயவாதி. ரோகித்துக்குப் பதிலாக இம்பாக்ட் பிளேயராக இறங்கி, முதல் ஆட்டத்திலேயே மூன்று விக்கெட் எடுத்த மலப்புரத்துப் பையன் விக்னேஷ் புத்தூரை அவர் முன்மொழிந்தார். 1999இல் சேப்பாக்கம் கை தட்டியதை மேற்கோள் காட்டினார். பெஞ்சு பையனுக்காக ஒரு நிமிடம் உருகியது. உருகிவிட்டு, மும்பை சட்டை என்ற ஒரே காரணத்தால் ஆறுதல் பரிசாக அவர் பேரைச் சொல்லி ஆளுக்கொரு டீ குடித்தது.

6. தோனி மாறிலி

கழித்தல் கோட்பாட்டுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை மறைப்பது ஆய்வாளருக்கு அழகல்ல. அன்றிரவு தோனி சந்தித்தது இரண்டு பந்து. எடுத்தது ரன் ஏதுமில்லை. மற்ற யாராவது இப்படி ஆடியிருந்தால் மேசைக்கே வந்திருக்க மாட்டார். ஆனால் ஜடேஜா ரன் அவுட் ஆகி தோனி படி இறங்கி வந்தபோது சேப்பாக்கத்தில் எழுந்த சத்தத்தை, கப் கழுவிக்கொண்டிருந்த பையன்கூட நின்று கேட்டான். ரன் அவுட் ஆனதே ஜடேஜாவின் தியாகம் என்று ஒரு தரப்பு வாதிட்டு, தள்ளிவைத்த அவரை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தது.

இதிலிருந்து பெறப்படும் விதி: கழிப்பதற்கு எந்த அளவுகோலை எடுத்தாலும் தோனி அதற்கு வெளியே நிற்பார். ரன் கணக்கில் கழித்தால் ஸ்டம்பிங்கில் வருவார், ஸ்டம்பிங்கை நூருக்குக் கொடுத்தால் பீல்டிங் நிறுத்தியதில் வருவார், அதையும் எடுத்துவிட்டால் “சும்மா நின்னாரே, அது போதாதா?” என்பதில் வருவார். கணிதத்தில் இதை மாறிலி என்பார்கள். சமன்பாட்டின் இரு பக்கத்திலும் இருப்பதால் அடித்துவிட்டு மேலே போகலாம். ஆனால் அடிக்க ஒருவருக்கும் மனம் வராது.

7. அயல்நாட்டு ஒப்பீடு

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. கனடா தேசத்தில் ஐஸ் ஹாக்கி முடிந்ததும் மூன்று நட்சத்திர ஆட்டக்காரர்களை அறிவிக்கும் வழக்கம் உண்டு. 1930களில் வானொலி வர்ணனைக்குப் பணம் கொடுத்த எண்ணெய் நிறுவனம் ஒன்று ‘மூன்று நட்சத்திரம்’ என்ற பெட்ரோலை விற்றதிலிருந்து வந்த வழக்கம் அது. பெட்ரோலின் பேர் ‘ஐந்து நட்சத்திரம்’ என்றிருந்தால் அங்கே சண்டை இன்னும் குறைந்திருக்கும். 1909 முதல் கிரே கோப்பைக்கு மோதுகிற கனடியன் ஃபுட்பாலிலோ ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். அமெரிக்க ஆட்டத்தைவிட ஒரு தலை கூடுதலாகக் கழிக்க வேண்டும். இம்பாக்ட் பிளேயர் விதி 2023இல் வந்தபிறகு ஐபிஎல்லும் பன்னிரண்டுக்கு ஏறிவிட்டது. பெஞ்சில் டீ விற்பனை கூடியதற்கு இது ஒரு காரணமாகலாம்; மேலாய்வு தேவை.

தனிநபர் விளையாட்டில் இந்தத் தொல்லையே கிடையாது. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்டிலும் 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம் வென்றபோது, வேலூரில் கொண்டாட்டம் இருந்தது, விவாதம் இல்லை. தூக்கியவர் ஒருவர், தங்கம் அவருக்கு. பளுதூக்குதல் இங்கே டீக்கடைகளில் வேர் பிடிக்காமல் போனதற்கு இந்தத் தெளிவே காரணம் என்பது நம் துணிபு.

8. பரிந்துரைகளும் ஆய்வின் வரம்பும்

அ) ஆட்ட நாயகன் விருதை ஆட்டம் முடிந்த இரவே கொடுப்பது அவசரக் குடுக்கைத்தனம். மறுநாள் கம்பெனி பஸ் கேட்டைத் தொட்டபின் கொடுத்தால் இரு பாதித் தரவும் சேர்ந்திருக்கும்.

ஆ) ஸ்டம்பிங் விக்கெட்டைக் கூட்டுப் பட்டாவாக எழுத ஸ்கோர் புத்தகத்தில் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.

இ) பரிசளிப்பு மேடையில் வர்ணனையாளர்களோடு அனுபவமுள்ள அசார்ட்டர் ஒருவரையும் நிறுத்த வேண்டும். அவர் புகழ மாட்டார் என்பதே அவருடைய தகுதி.

வரம்பு: இக்கோட்பாடு வெற்றி பெற்ற ஆட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். ஐந்தே நாள் கழித்து, மார்ச் 28 அன்று, அதே சேப்பாக்கத்தில் பெங்களூரு 50 ரன்னில் ஜெயித்தது. 2008க்குப் பிறகு அந்த மைதானத்தில் சென்னையை அது வெல்வது அதுவே முதல் முறை. மாறிலி ஒன்பதாம் இடத்துக்கு மாறி வந்து, 16 பந்தில் 30 அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் திரும்பியது. சிவப்புச் சட்டைக்காரர்கள் தங்கள் நாயகனைக் கழித்தெடுக்க விடியும்வரை உட்கார்ந்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர்கள் தேட வேண்டியிருந்தது நாயகனை அல்ல, குற்றவாளியை. “தோனியை ஒம்போதுல எறக்குன ஆளு யாரோ, அவன்தான்” என்று, ஊற்றிய டீ ஆறுவதற்குள் ஒருமனதாகத் தீர்ப்பாகிவிட்டது.