கைக்கிளைக்கு நிலம் ஒதுக்கீடு: இத்தாலிய உணவகத்தை முன்வைத்து வடசென்னையிலிருந்து ஓர் இலக்கணத் திருத்தம்

தொல்காப்பியர் அகத்திணை ஏழு என்று வகுத்தார். அவற்றில் நான்குக்கு முறையாகப் பட்டா கொடுத்தார்: குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு, மருதத்துக்கு வயல், நெய்தலுக்குக் கடற்கரை. பாலைக்குத் தனி நிலம் இல்லை. ஆனால் முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் ஒரு புறம்போக்கைச் சுட்டிக்காட்டி அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது. எஞ்சியவை இரண்டு: பொருந்தாக் காமமாகிய பெருந்திணை, ஒருதலைக் காமமாகிய கைக்கிளை. பெருந்திணைக்காரர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வெட்கம் கிடையாது. கைக்கிளைக்காரன் நிலைமை வேறு. சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் நிற்பவனுக்கு நிற்பதற்கே இடம் ஒதுக்கப்படவில்லை. இளம்பூரணர் தொட்டு வந்த உரையாசிரியர்கள் ஒருவர்கூட அவன் சார்பில் மனு எழுதிப் போடவில்லை.

இக்கட்டுரை அந்த மனு. கைக்கிளையின் நிலமாவது, நட்சத்திர ஓட்டலில் உள்ள இத்தாலிய உணவகமே. அதன் முதல், கரு, உரிப்பொருள்களை வரையறுக்கத் தகுதி உடையோர் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வாழ் மக்களே. இவ்விரண்டும் இங்கே நிறுவப்படும்.

பிரியாணிக் கடை ஆகாதோ எனின், ஆகாது. என்னை? அங்கே தலைவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. விலை தெரியும், லெக் பீஸை எப்படிக் கேட்டு வாங்குவது என்று தெரியும், அடிப்பிடித்த சட்டியை வாசத்திலேயே கண்டுபிடிப்பான். அச்சம் இல்லாத இடத்தில் கைக்கிளை தங்காது. சீன உணவோ எனின், கோபி மஞ்சூரியன் தெருமுனைக்கு வந்த நாளே அந்த நாட்டின் மர்மம் ஒழிந்தது. அரபு நாடும் ஷவர்மாவாகக் கம்பியில் சுழன்றுகொண்டிருக்கிறது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள ஒருவனுக்கு முழு வாய்ப்பளிக்கும் இடம் இன்று இத்தாலி ஒன்றே.

இத்தாலிய மேசைக்குத் தமிழ் இலக்கணம் எதற்கு என்று கேட்பவர்கள் வீரமாமுனிவரை மறந்தவர்கள். 1680-ல் இத்தாலியில் பெஸ்கியாகப் பிறந்த அவர் இங்கே வந்து, தமிழுக்கே தொன்னூல் விளக்கம் என்று ஐந்திலக்கணம் எழுதினார், சதுரகராதி தொகுத்தார். யாரும் அவரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டாக நிலுவையில் இருக்கும் அந்தக் கடனுக்கு இது முதல் தவணை.

இத்துறைக்குத் திருவொற்றியூரிலேயே முன்னோடி உண்டு. சேக்கிழார் சொல்லும் கதை. கோயிலில் பூத்தொடுக்கும் சங்கிலியாரைச் சுந்தரர் பார்த்துவிட்டார். திருவாரூரில் ஏற்கெனவே பரவையார் இருக்கிறார் என்பதை இவ்வாய்வு கண்டும் காணாமல் விடுகிறது. சிவபெருமானையே தூது அனுப்பினார். பெண் வீட்டுத் தரப்பில் ஒரே நிபந்தனை: பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரர் கெட்டிக்காரர். சத்தியம் சந்நிதியில் நடக்கும். அந்த நேரம் நீர் மட்டும் மகிழ மரத்தடியில் போய் இருந்துகொள்ளும் என்று இறைவனிடம் ஏற்பாடு செய்துகொண்டார். இறைவன் சரி என்று தலையாட்டிவிட்டு, நேரே சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கு என்று சொல்லிவிட்டார். மறுநாள் சுந்தரர் மகிழடியில் வசமாக மாட்டினார். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்து ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. இதிலிருந்து ஆய்வுக்குக் கிடைப்பவை இரண்டு. சந்திப்பு எந்த இடத்தில் என்பதே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நடுவில் நிற்கும் பாங்கன் கடவுளாகவே இருந்தாலும் அவரை முழுக்க நம்பக் கூடாது.

இனி முதற்பொருள். நிலமும் பொழுதும் முதல் எனப்படும். நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டலின் பிரெகோ, கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழாவின் ஓட்டிமோ என இந்நிலம் நகரின் தெற்கே கிடக்கிறது. தலைவனோ வடக்கே கிடக்கிறான். முற்காலத்தில் இந்த இடைவெளியை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே நுழைந்து நுழைந்து கடக்க வேண்டியிருந்தது; இஸ்திரி போட்ட சட்டை கரி படிந்துதான் போய்ச் சேரும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. கைக்கிளைக்கு அதனால் பயன் ஒன்றும் விளையவில்லை. 165 ஆண்டு கழித்து, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையான மெட்ரோ நீட்டிப்பைப் பிரதமர் திறந்துவைத்தார். தேதி: 2021 பிப்ரவரி 14. காதலர் தினத்தில் தற்செயலாக நடந்தது என்று அதிகாரிகள் சொல்லலாம். ஆய்வாளருக்குத் தற்செயலில் நம்பிக்கை இல்லை. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய அந்த நிலையத்தில் ஏறினால், வண்டி மாறாமல், ஏசி காற்றில், மடிப்புக் கலையாமல் சின்னமலையில் இறங்கலாம்.

எண்ணூருக்கும் இத்தாலிக்கும் என்ன உறவு என்று மூக்கில் விரல் வைப்பவர்களுக்கு: 1987-ல் அசோக் லேலண்டின் வெளிநாட்டுப் பங்கை இந்துஜா குழுமமும், ஃபியட்டைச் சேர்ந்த இவெக்கோவும் சேர்ந்து வாங்கின. 2007-ல்தான் இத்தாலிக்காரர்கள் விலகினார்கள். இருபது ஆண்டு எண்ணூர்க்காரர் போல்ட்டு முடுக்கிய லாரியில் இத்தாலிக்குப் பங்கு இருந்தது. அப்படிப்பட்டவர் பீட்சா மேசைக்கு முன்னால் எதற்குக் கூச வேண்டும்?

பொழுது. பெரும்பொழுது சம்பளம் வந்த முதல் வாரம். சிறுபொழுது, செகண்ட் ஷிஃப்ட்டை ஆள் மாற்றிவிட்ட ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை முதல் கடைசி மெட்ரோ வரை. விலக்கு ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் மெனுவில் ‘இன்றைய மீன்’ என்று போட்டிருந்தால் காசிமேட்டுத் தலைவி அதை நம்ப மாட்டாள். நாட்டுப்படகு மீனா, ஐஸ் மீனா என்று விசாரணை தொடங்கும். செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பாள். தலைவன் மேசைக்கு அடியில் ஒளிய இடம் தேட நேரும். ஆனால் அந்த மேசையில் அவள் ஒருத்திதான் பொருள் தெரிந்து பேசினாள் என்பதை இவ்வாய்வு பதிவுசெய்கிறது.

கருப்பொருள்களில் முதலாவது தண்ணீர். உட்கார்ந்ததும் “ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங், சார்?” என்று கேட்பார்கள். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டு வளர்ந்தவனிடம் தண்ணீரில் எது வேண்டும் என்று கேட்பது இதுவே முதல் முறை. அந்த மகிழ்ச்சியில் அவன் இரண்டாவது சொல்லைச் சொல்லிவிடுகிறான். அதன் விலை பின்னால் தெரியும். அடுத்தது ரொட்டிக் கூடை. பெரும்பாலும் காசு கேட்காமல் வரும். காசில்லை என்பது தெரியாததால் தலைவன் தொடுவதில்லை. தெரிந்த தலைவன் அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறான். இருவருமே பிழை செய்கிறார்கள்.

பிறகு கடம்பா எனும் கணவாய். காசிமேட்டில் கூறு கட்டி வைத்திருக்கும் அதே கடம்பா, இங்கே வளையம் வளையமாக அறுக்கப்பட்டு, மாவில் புரண்டு, கலமாரி என்ற பெயரில், எலுமிச்சைத் துண்டு துணையோடு வரும். கிலோ என்ன விலை என்று தலைவிக்குத் தெரியும். தலைவனுக்கும் தெரியும். தெரியும் என்பதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல் மெல்லுவதில்தான் கைக்கிளையின் மெய்ப்பாடு முழுமை பெறுகிறது.

பாஸ்தா பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் வடசென்னையின் தகுதிச் சான்று இங்கேதான் இருக்கிறது. மார்க்கோ போலோதான் சீனத்திலிருந்து நூடுல்ஸை இத்தாலிக்குக் கொண்டுபோனார் என்பது கட்டுக்கதை. அவர் சோழமண்டலக் கரை வழியாக ஊர் திரும்பி வெனிஸில் இறங்கியது 1295. அதற்கும் முன்னால், 1279-ல் ஜெனோவாவில் எழுதிய ஒரு சொத்துப் பட்டியலிலேயே ஒரு கூடை மக்கரோனி இருக்கிறது. வடசென்னைக்கு நூடுல்ஸ் வந்த வழியில் கட்டுக்கதைக்கு இடமே இல்லை. 1960-களில் பர்மாவிலிருந்து உடைமைகளை விட்டுவிட்டுக் கப்பலேறிய தமிழர்கள் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸைக் கையோடு கொண்டுவந்தார்கள். செகண்ட் லைன் பீச் சாலையில் அந்தத் தள்ளுவண்டிகள் இன்றும் நிற்கின்றன. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டு, பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவி, கடைக்காரர் கையாலேயே பிசைந்து தருவார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். நின்றுகொண்டே, ஒரு கையில் தட்டும் மறு கையில் கரண்டியுமாக, பின்னால் ஹாரன் அடிக்கும் ஆட்டோவுக்கு வழிவிட்டபடி, சட்டையில் ஒரு சொட்டுப் படாமல் அதைத் தின்று பழகியவன் இந்தப் பகுதிக்காரன். அவனுக்கு உட்கார நாற்காலி, மடியில் துணி, முள்கரண்டி எல்லாம் கொடுத்து ஸ்பாகெட்டி சாப்பிடச் சொல்வது ஓட்டப் பந்தயக்காரனுக்கு ஊன்றுகோல் கொடுப்பது. நாலைந்து இழையை மட்டும் எடுத்து, முள்கரண்டியின் நுனியைத் தட்டில் ஊன்றிச் சுற்ற வேண்டும், அவ்வளவே. வெட்டக் கூடாது. ஸ்பூனின் உதவியும் வேண்டாம் என்பதே இத்தாலிய மரபு. தென்சென்னைத் தலைவர்கள் ஸ்பூனோடு போராடுவதை அடுத்த மேசையிலிருந்து காணலாம்.

பாலாடைக்கட்டி துருவும் சடங்கு ஒன்று உண்டு. பரிமாறுபவர் பர்மேசான் கட்டியும் துருவியுமாக வந்து தட்டுக்கு மேலே துருவத் தொடங்குவார். போதும் என்று சாப்பிடுபவர்தான் சொல்ல வேண்டும். அவராக நிறுத்துவார் என்று தலைவன் மரியாதையாகக் காத்திருப்பான். இவர் சொல்வார் என்று அவர் காத்திருப்பார். இரண்டு பண்பாடுகள் ஒன்றையொன்று மதித்துக்கொண்டே இருந்ததில் பாஸ்தா மறைந்துபோன நிகழ்வுகள் உண்டு. இன்னொரு வகைத் தலைவன், இதற்கும் தனியாகக் காசு போடுவார்களோ என்று பயந்து, கடம்பா பாஸ்தாவுக்கு “வேணாம்” என்று கையை மறித்துவிடுகிறான். கடலுணவுப் பாஸ்தாவில் பாலாடைக்கட்டி சேர்க்கலாகாது என்பது இத்தாலியில் ஆசாரமானவர்களின் கொள்கை. சிக்கனத்தால் அவன் ஒரே நொடியில் ரோமாபுரிப் பெரியவர் ஆகிவிடுகிறான். பரிமாறுபவர் கண்ணில் தெரியும் மரியாதைக்குக் காரணம் என்ன என்று அவனுக்குக் கடைசிவரை விளங்குவதில்லை.

உரிப்பொருள் யாது? குறிஞ்சிக்குப் புணர்தல், நெய்தலுக்கு இரங்கல் என்பதுபோல, இந்நிலத்துக்கு உரியது, வலப்பக்கம் நோக்கலும் வலப்பக்கம் நோக்கல் நிமித்தமும். மெனு அட்டையின் வலப்பக்கத்தில் விலை இருக்கிறது. கண் அங்கேயும், விரல் இடப்பக்கத்திலும், முகம் தலைவியை நோக்கியும் இருக்க வேண்டும். மூன்றையும் ஒருசேரச் செய்வது எளிதல்ல. அந்த நேரத்தில் பாங்கன் எதிர்பாராத இடத்திலிருந்து வருவான். பரிமாறுபவர் கேட்டரிங் படித்த தண்டையார்பேட்டைப் பையனாக இருப்பதுண்டு. ஆங்கிலத்தைச் சற்று நேரம் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து, “அண்ணா, இத்த வோணாம். அத்த சொல்லுங்க, ரெண்டு பேருக்கு வரும்” என்பான். பாங்கற்கூட்டத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு சங்கப் பாடல்களில் கிடைப்பது அரிது.

மற்றொரு பாங்கன் எண்ணூரிலேயே இருக்கிறான். கை கழுவப் போன இடத்திலிருந்து அவனுக்கு அழைப்பு போகும்.

“மச்சான், அர்ஜென்ட்டா ஒரு ரெண்டாயிரம் போடுடா.”

“இன்னாடா, அவ்ளோ துன்னீங்களா?”

“துன்னல மச்சான். தண்ணி குடிச்சோம்.”

பில்லைப் படிக்கும் முறை. தனி உணவகம் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டலுக்குள் இருந்தால் 18 சதவீதம். மாடியில் யாரோ ஒருவர் விலையுயர்ந்த அறையில் தூங்குவதற்குக் கீழே பாஸ்தா தின்பவன் ஏன் வரி கட்ட வேண்டும் என்பது அகத்திணைக்கு அப்பாற்பட்ட கேள்வி. சர்வீஸ் சார்ஜ் வேறு. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது; டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. அதாவது, எடுத்துவிடச் சொல்லத் தலைவனுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. தலைவி எதிரே இருக்கையில் அந்த உரிமையை எந்தத் தலைவனும் பயன்படுத்திக்கொள்வதில்லை. சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. கைக்கிளைதான் தடையாக இருக்கிறது.

“பாதி நான் தரேன்” என்று தலைவி சொல்வதன் பொருள் குறித்து உரை வேறுபாடு உண்டு. இனி அண்ணன் முறை என்பதற்கான அறிவிப்பு அது என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டியவை என்று தொல்காப்பியம் பத்துச் சொல்கிறது: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உரு, காம வாயில், நிறை, அருள், உணர்வு, திரு. பத்தாவதான திருவில் தான் குறைந்தவள் இல்லை என்று அவள் நிறுவுகிறாள் என்பதே எம் துணிபு. கைக்கிளை ஆணுக்கு மட்டுமே உரியது என்பாரும் புறநானூற்றை ஒருமுறை புரட்டட்டும். மற்போர் வீரனான கோப்பெருநற்கிள்ளியை எண்ணி நக்கண்ணையார் பாடிய மூன்று பாட்டும் கைக்கிளைதான். மேசைக்கு இந்தப் பக்கம் கைக்கிளை என்று நினைத்துக்கொண்டிருப்பவன், அந்தப் பக்கமும் அதுவே இருக்கலாம் என்று யோசிப்பதில்லை. இரண்டு கைக்கிளை எதிரெதிரே உட்கார்ந்தால் அது எந்தத் திணை என்பதைத் தொல்காப்பியர் சொல்லவில்லை.

கடைசியாக, மிச்சம். அரைப் பீட்சா தட்டில் கிடக்கிறது. பார்சல் கேட்பது நாகரிகமா என்று தலைவன் தயங்குவான். சோற்றை விட்டுவிட்டு எழுவது பாவம் என்று வளர்ந்த தலைவி தயங்க மாட்டாள். சில பெரிய ஓட்டல்களில், வெளியே கொண்டுபோய்ச் சாப்பிட்டு வயிற்றுக்கு ஏதாவது ஆனால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கட்டிக்கொடுப்பார்கள். இருவர் பெயரும் சேர்ந்து ஒரு காகிதத்தில் ஏறும் முதல் ஆவணம் பெரும்பாலும் இதுவாகவே அமைகிறது.

அந்தப் பெட்டி மெட்ரோவில் ஏறிக் காலடிப்பேட்டையில் இறங்குகிறது. தலைவியின் களவை அன்னைக்குத் தெரியப்படுத்துவதை அறத்தொடு நிற்றல் என்பார்கள். சங்க காலத்தில் அதற்குத் தோழி தேவைப்பட்டாள், நேரம் பார்த்து, இடம் பார்த்து, வார்த்தை கோத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே ஓட்டல் பெயர் பொன் எழுத்தில் அச்சிட்ட அட்டைப்பெட்டி சாப்பாட்டு மேசைமேல் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

“இன்னாடி இது பொட்டி? எந்தக் கடைது?”

“ஆபீஸ்ல ட்ரீட்டும்மா.”

“ஞாயித்துக்கெழம இன்னா ஆபீசு?”

இதற்கு மேல் நடப்பவை கற்பியலில் சேரும். அது வேறு துறை. பெண்ணின் தாய்மாமன்களே அதில் ஆய்வாளர்கள்.