எல்லாம் பச்சை: டேட்டாபேஸ் காக்க எட்டுப் படிகள்

நேற்றுவரை பிரின்டருக்கு டோனர் மாற்றினீர்கள். பழைய டேட்டாபேஸ் நிர்வாகி கனடாவுக்குப் பறந்துவிட்டார். இன்று காலை முதல் கந்தோரின் டேட்டாபேஸ் உங்கள் தலையில். பயப்படாதீர்கள். கொட்டாஞ்சேனை மொத்தக்கடையோ, வெள்ளவத்தை லேபோ, முறை ஒன்றுதான். பாதியை ஏற்கெனவே செய்துவருகிறீர்கள். மீதியையும் ஒழுங்காகப் பழகிவிடுவோம்.

1. கதவைத் திறந்து வையுங்கள். கணக்காளர் அக்கா, ஸ்டோர்ஸ் தம்பி, நேற்று வந்த ட்ரெய்னி எல்லோருக்கும் ஒரே ரூட் பாஸ்வேர்ட். யார் எதை அழித்தார் என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. கந்தோரில் சண்டை வராது.

2. அடையாள அட்டை இலக்கத்துக்குப் பத்து இடம் ஒதுக்குங்கள். ஒன்பது இலக்கம், கடைசியில் ஒரு வி அல்லது எக்ஸ். 2016 இல் 12 இலக்க அட்டை வந்துவிட்டதே என்று கேட்பவரிடம், கடைசி இரண்டையும் வெட்டிவிடச் சொல்லுங்கள். ஒரே நாளில் பிறந்து அடுத்தடுத்த வரிசை எண் பெற்றவர்கள் ஒருவராகிவிடுவார்கள். அவர்களுடைய கடன் பாக்கியும் ஒன்றாகிவிடும்.

3. பெயர்களை ஆங்கில எழுத்து மட்டும் தாங்கும் நெடுவரிசையில் போடுங்கள். சுப்பிரமணியமும் சோமபாலவும் வரிசையான கேள்விக்குறிகளாகச் சமாதானமாய் நிற்பார்கள். மொழிச் சமத்துவத்தை இவ்வளவு துல்லியமாக நிறைவேற்றிய கந்தோர் நாட்டில் வேறில்லை.

4. நேரத்தைச் சுவர்க்கடிகாரம் பார்த்துப் பதியுங்கள். உலகப் பொதுநேரமான யூடிசி எல்லாம் எதற்கு? 1996 இல் இரண்டு முறையும் 2006 ஏப்ரலில் ஒரு முறையும் நாட்டின் நேரத்தையே மாற்றினார்கள். 2006 இல் கடிகாரம் பின்னே போன இரவில் ஓர் அரைமணி நேரம் இரண்டு தடவை வந்தது. அந்த அரைமணியில் விழுந்த பில்களில் எது முந்தியது? ஓடிட்டர் கேட்டால் வானத்தைப் பாருங்கள்.

5. யூபிஎஸ் பற்றரியைத் தொடாதீர்கள். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டியபோது வாங்கியதுதானே, இன்னும் கிடக்கட்டும். கரண்ட் போனாலும் டேட்டாபேஸ் தன் லொக்கை வாசித்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். எழுதாததை எழுதிவிட்டேன் என்று டிஸ்க் பொய் சொல்லாதவரை அது உண்மை. ஆகவே, இருப்பதிலேயே மலிவான டிஸ்க்கை வாங்குங்கள்.

6. பேக்கப்பை அதே சேர்வரில், அதே டிஸ்க்கில் வையுங்கள். தேட வேண்டிய சிரமம் இல்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட்டில் ரான்சம்வேர் புகுந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. சுமார் 5,000 முகவரிகள். அமைச்சரவை அலுவலகமும் அதற்குள். அந்தக் காலத்துக்கு ஓஃப்லைன் பேக்கப் இருக்கவில்லை. அமைச்சரவைக்கே இல்லாதது உங்கள் அரிசி மூட்டைக் கணக்குக்கு எதற்கு?

7. பேக்கப் எடுங்கள், ரீஸ்டோர் மட்டும் செய்து பார்க்காதீர்கள். திரையில் பச்சை விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் சேர்வர் மாறி, சுமார் 300 ஜிபி டேட்டாவை அழித்தார். ஐந்து வகைப் பேக்கப் ஏற்பாடு இருந்தும் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. பேக்கப் தோற்றது என்று சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணிநேரத்துக்கு முன் அவரே வேறு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. அப்படி நகல் எடுத்துவைத்துவிடாதீர்கள். மனச்சாட்சி உறுத்தினால், ரீஸ்டோர் செய்து பார்க்க ஒரு பழைய மெஷின் வேண்டும் என்று முதலாளியிடம் ஒரு தடவை கேளுங்கள். “பேக்கப் எடுக்கிறீர்தானே தம்பி, பிறகென்ன?” என்பார். அத்தோடு கடமை முடிந்தது.

8. பெரிய வேலைகளைப் போயாவுக்கு முதல்நாள் மாலை ஐந்து மணிக்கு வையுங்கள். லைவ் திரையும் டெஸ்ட் திரையும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். எந்த வரிகளை அழிப்பது என்ற நிபந்தனையை எழுதாமலே டிலீட் கட்டளையை ஓடவிடுங்கள். ஒரு நொடியில் முடிய வேண்டியது மூன்று நிமிடம் எடுத்தால், வேலை முழுமையாக நடக்கிறது என்று பொருள்.

பிறகு அறிக்கை எழுதுங்கள். காரணம் என்ற இடத்தில் ‘தொழில்நுட்பக் கோளாறு’. பரிந்துரை என்ற இடத்தில் ‘புதிய சேர்வர்’. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே காசோலை எழுதுவார். அந்தத் தொகைக்குப் பழைய மெஷின் எத்தனை வாங்கியிருக்கலாம் என்று அவரிடம் கணக்குச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை சேர்வர் கிடைக்காது.